சளி டப்பாவில் ஒரு சிட்டிகை உப்பு

அந்த டப்பாவில் நான் உப்புப் போட்டது கெட்ட எண்ணத்தில் இல்லை. எங்கள் வீட்டில் மீன் மிஞ்சினால் உப்பு, மாங்காய் மிஞ்சினால் உப்பு. எது வீணாகக் கூடாதோ அதில் உப்பைப் போடுவோம். காலையில் எழுந்ததும் காறித் துப்பி வையுங்கள், பத்து மணி வாக்கில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று நர்சம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சித்திரை வெயிலில் அது அதுவரை எப்படித் தாங்கும்? அடுப்படி ஜாடியில் கைவிட்டு ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டு, மூடியைத் திருகி வைத்தேன். பெரிய காரியம் செய்த திருப்தி எனக்கு.

அந்தச் சிட்டிகையால் என் மருமகளும் என் பேத்தியும் பட்ட பாட்டைத்தான் எழுதப் போகிறேன். ஆனால் பழியை முழுக்க உப்பின் மேல் போட்டால் அது பொய். உப்பு பாதி, என் வீம்பு மீதி.

என் பேர் அஞ்சலை. எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பஸ் போர்டு படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். இதை எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். டி.பி. முகாமில் வந்து நாலு பேரிடம் பேசுங்கள் என்று நர்ஸ் செல்வி கேட்டாள். வாயால் சொன்னால் எனக்குத் தோதாக மாற்றிச் சொல்லிவிடுவேன், என் வாயை எனக்குத் தெரியும். அதனால் எழுதித் தருகிறேன் என்றேன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

கல்யாணமாகி மரக்காணத்துக்கு வந்த வருஷமே உப்பளத்தில் இறங்கியவள் நான். பாத்தியில் உப்பு வாரி, கூடையில் சுமந்து, மேட்டில் கொட்டி, கால் வெடித்துக் கண் கூசி எல்லாம் பார்த்தாகிவிட்டது. கூடை தூக்க முடியாத வயசு வந்ததும் பாக்கெட் போடுகிற கொட்டகைக்கு மாறினேன். காற்றில் தூள் பறக்கிறது என்று அங்கே சுற்றிலும் சாக்கு கட்டி மறைத்திருப்பார்கள். உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து பாக்கெட் போடுவோம். அதில் நான்தான் மூத்தவள். நான் ஒரு சொல் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். என் புருஷன் போன பிறகு மகன் சேகரை யார் வாசலிலும் போய் நிற்காமல் வளர்த்தேன். இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான்.

மாசி மாசம் இருமல் ஆரம்பித்தது. உப்புத் தூள் என்று நினைத்தேன். கொட்டகையில் இருமாதவள் யார்? மருந்துக் கடையில் சிவப்பு டானிக் வாங்கிக் குடித்தேன். சாயங்காலம் ஆனால் உடம்பு கதகதவென்று இருக்கும், ராத்திரி தலையணை வேர்வையில் நனையும். ஜாக்கெட் தொளதொளவென்று ஆனது. பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டேன்.

சித்திரையில் ஆஸ்பத்திரிக்காரர்கள் உப்பளத்துக்கே வந்தார்கள். எக்ஸ்ரே எடுக்கிற மிஷின், கல்யாண வீட்டு போட்டோக்காரர் கையில் வைத்திருக்கிற கேமரா அளவுதான் இருந்தது. ஒரு பலகையில் நெஞ்சைச் சாய்த்து நிற்கச் சொல்லி எடுத்தார்கள். கம்ப்யூட்டரில் உடனே படம் வந்தது. நர்ஸ் செல்வி எங்கள் தெருவுக்கெல்லாம் ஊசி போட வருகிறவள், என் மகள் வயசு இருக்கும். என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அஞ்சலம்மா, வலது பக்கம் மேல நிழல் மாதிரி இருக்குது. டி.பி.யான்னு பாத்துடலாம். சளி குடுத்துட்டுப் போங்க."

"நிழலா? இந்த வெயில்ல நின்னா யாருக்குத்தான் நிழல் விழாது?"

கொட்டகைப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். செல்வியும் சிரித்துக்கொண்டே ஒரு டப்பாவை நீட்டினாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, மூச்சை நன்றாக இழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும். எச்சில் கூடாது, கெட்டியான சளிதான் வேண்டும். கிருமி இருப்பது நெஞ்சுச் சளியில்தானே தவிர வாய் எச்சிலில் இல்லை. இதையெல்லாம் அவள் அன்றைக்கே சொன்னாள். சொல்லவில்லை என்று நான் சொல்ல முடியாது.

அத்தனை பேர் பார்க்க நான் காறித் துப்புவதா? சவுக்கு மரத்துப் பக்கம் திரும்பி நின்று, சத்தம் வராமல், நாக்கடியில் ஊறின எச்சிலைத் துப்பிக் கொடுத்தேன். அது முதல் டப்பா. மறுநாள் காலைக்கு இன்னொரு டப்பா கொடுத்தாள். வீட்டில் யாரும் எழுந்திருக்கும் முன்னால் கொல்லையில் உட்கார்ந்து அதில் ஒழுங்காகவே துப்பினேன். மஞ்சளாக, கட்டியாக வந்தது. பார்க்க எனக்கே பயமாக இருந்தது. அதில்தான் உப்பைப் போட்டேன்.

சில நாள் கழித்துச் செல்வி சீட்டோடு வந்தாள். முதல் டப்பாவில் கிருமி இல்லை. இரண்டாவதை மிஷினில் போட்டால் பதிலே வரவில்லையாம்.

"அடியில கரகரன்னு உப்பு மாதிரி இருந்துச்சுன்னு லேப்ல சொன்னாங்க. இன்னாத்தம்மா போட்டீங்க?"

"உப்பளத்துக்காரி வீட்டுல உப்பு இல்லாம வேற இன்னா இருக்கும்?"

"வெளையாடாதீங்க. இன்னொரு டப்பா குடுங்க. எக்ஸ்ரேல நிழல் இருக்குது இல்ல?"

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். மொத டப்பாவுலயே இல்லன்னு ஆயிடுச்சு. போடி, போய் வேற வேலையப் பாரு."

அவள் மறுபடியும் வந்தாள். ஒரு முறை கொல்லைப் பக்கமாகப் போய்விட்டேன். இன்னொரு முறை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பினேன். முதல் சீட்டை என்ன செய்தேன் தெரியுமா? பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் போட்டேன். கொட்டகைக்கு எடுத்துப் போய் எல்லாருக்கும் காட்டினேன். பிறகு வீட்டில் காலண்டர் ஆணியில் மாட்டினேன். வெறும் எச்சிலுக்குக் கிடைத்த சீட்டு அது. எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் மாட்டினேன்.

ஆடி மாசம் என் மருமகள் பவானிக்குக் கழுத்தில் கட்டி வந்தது. பவானி செருப்புக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். காலையில் கம்பெனி பஸ் வரும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். காதுக்குக் கீழே கொட்டைப் பாக்கு அளவு இருந்தது. நெறி கட்டியிருக்கிறது என்று உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தேன். கரையவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஊசியைக் கட்டிக்குள் விட்டுக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துச் சோதித்தார்கள். டி.பி. என்று வந்தது. சேகர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"கம்பெனி பஸ்ஸுல எவ எவ கூடவோ இடிச்சிக்கினு வர்ற. அங்கதான் ஒட்டியிருக்குது" என்றேன்.

பவானி எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கு மட்டும், "அத்த, நீங்களுந்தான் இத்தன மாசமா இருமுறீங்க" என்றாள்.

நான் எழுந்துபோய் ஆணியிலிருந்து அந்த லேமினேஷனை எடுத்து வந்து அவள் மூஞ்சிக்கு நேராக நீட்டினேன். "படிச்சவதானே நீ? படி. எனக்கு இல்லன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்திருக்குது."

அவள் படித்தாள். அதைத் திரும்ப ஆணியிலேயே கொண்டுபோய் மாட்டினாள்.

என் பேத்தி யாழினிக்கு அப்போது நாலு வயசு. அவளுடைய சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து ஒரு தட்டின் விளிம்பில் பொட்டு வைத்து, இனிமேல் பவானிக்கு இதுதான் தட்டு என்றேன். தனி டம்ளர், தனிப் பாய், துணி காயப் போடத் தனிக் கொடி. கடைசியில், "உங்க அம்மா வீட்டுல இருந்து மாத்திர சாப்புடு. ஒடம்பு தேறினதும் வா. பாப்பாவ நான் பாத்துக்கறேன்" என்றேன். அவள் அம்மா ஊர் பிரம்மதேசம் ஒன்றும் தூரமில்லை. ஆனால் பஸ் ஸ்டாண்டில் அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள், முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு. இந்தப் பக்கம் யாழினி என் கையை உதறினாள். நான் விடவில்லை. குழந்தையைக் காப்பாற்றுகிறேன் என்று மனசார நம்பினேன்.

அன்று முதல் யாழினி என் பக்கத்தில்தான் படுத்தாள். எனக்குக் கடல் காற்று ஆகாது என்று ஜன்னலை அடைத்துவிடுவேன். என் முந்தானையைத் தலை வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, என் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு தூங்குவாள். நான் இருமினால் தூக்கத்திலேயே என் முதுகைத் தட்டிக்கொடுப்பாள்.

புரட்டாசியில் செல்வி வீட்டுக்கு வந்தாள். பவானி பேர் மருந்துக்குப் பதிவானதால், அந்த வீட்டில் இருக்கிற எல்லாரையும் சோதிக்க வேண்டுமாம். நான் வழக்கம்போல ஆணியைக் காட்டினேன். அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. பொட்டு வைத்த தட்டு அலமாரியில் தனியாக இருந்தது. அதைப் பார்த்து என்னவென்று கேட்டாள். சொன்னேன்.

"அஞ்சலம்மா, தட்டுல டம்ளர்ல இது ஒட்டாது. காத்துலதான் பரவும், இருமும்போது. அதுவும் நெஞ்சுல இருந்தாத்தான். பவானிக்கு நெறியில வந்திருக்குது. அது யாருக்கும் ஒட்டாது. அவ இங்கயே இருந்திருக்கலாம், புள்ளயக் கட்டிப் புடிச்சிக்கினே படுத்திருக்கலாம்."

"அப்ப அவளுக்கு எங்கருந்து வந்துச்சு?"

"நெஞ்சுல வெச்சிக்கினு இருமற யாரோ ஒருத்தர்கிட்டருந்து." டப்பாவை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அப்போதும் நான் துப்பவில்லை. ஆனால் அன்று யாழினியை அவள் அப்பாவோடு படுக்கச் சொன்னேன். ஏன் ஆயா என்று அழுதாள். வேர்க்கிறது என்று பொய் சொன்னேன். மறுநாள் கொட்டகையில் இருமல் வந்தபோது கைத்துணியில் ரத்தம் இருந்தது. பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிட்டாள். வெற்றிலைச் சாறு என்றேன். எனக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது என்று அவளுக்குத் தெரியும். நான் எழுந்து, வேலையை அப்படியே போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.

லேப்பில் இருந்த பொண்ணு பேரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள். "உப்பு போட்ட அம்மா நீங்கதானா? இந்த வாட்டி மொளகாத்தூள் எதுவும் சேத்துடாதீங்க."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வேறு நாளாக இருந்தால் அவளை ஒரு வழி பண்ணியிருப்பேன். ஜன்னல் ஓரம் போய் நின்று, மூச்சை இழுத்து, அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி காறித் துப்பினேன். இவ்வளவுதான் வேலை. இதற்காகத்தான் அத்தனை மாசம் ஒளிந்திருந்தேன்.

மறுநாள் முடிவு வந்தது. கிருமி இருக்கிறது, நிறைய இருக்கிறது. மாத்திரைக்குக் கட்டுப்படுகிற கிருமிதான் என்பது ஒன்றே ஆறுதல். ரத்தம் வந்ததாலும் எனக்கே தெரியாமல் சர்க்கரை ஏறியிருந்ததாலும் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள்.

டாக்டரம்மா சின்னப் பெண். படத்தைத் தூக்கிப் பிடித்து, வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு ஓட்டையைக் காட்டினாள். கிருமி தின்று தின்று பண்ணிய குழி. "இது ஒரு மாசத்துல ஆனது இல்லம்மா" என்றாள்.

"என் மருமவளுக்கு என்கிட்டருந்துதான் போச்சா, டாக்டரம்மா?"

"யார்கிட்டருந்து யாருக்குன்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. மொதல்ல நீங்க சரியாகுங்க."

இரக்கப்பட்டுச் சொன்னாள் என்று தெரிந்தது. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த வார்டைப் பற்றிச் சொல்கிறேன், பயப்படுகிறவர்களுக்கு உதவும். ஜன்னல் எல்லாம் திறந்தே கிடக்கும். நான் வீட்டுக்குள் வரவிடாமல் ஜன்னலை அடைத்துத் தடுத்த காற்றுதான் இந்த நோய்க்கு முதல் மருந்து என்றார்கள். எல்லாருக்கும் முகமூடி. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை. உடம்பு எடைக்குத் தகுந்தபடி கணக்கு. முதல் இரண்டு மாசம் நாலு மருந்து சேர்ந்தது, பிறகு நாலு மாசம் மூன்று மருந்து. நடுவில் உடம்பு தேறிவிட்டது என்று நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும். மருந்து, எக்ஸ்ரே எதற்கும் அங்கே காசு கேட்கவில்லை. முதல் நாள் சிறுநீர் கலர் சோடா மாதிரி ஆரஞ்சாக வந்ததும் கத்திவிட்டேன்.

பக்கத்துக் கட்டிலில் கீழ்புத்துப்பட்டு ஜமீலாபீ. மகன் துபாயில் இருக்கிறான். "கத்தாதக்கா, அது மாத்திர கலரு. எனக்கும் மொத நாளு அப்படித்தான், சாவு வந்துடுச்சுன்னு வெளிய வந்து கலிமா சொல்லிட்டேன்" என்றாள். எனக்கு மாத்திரை குமட்டும். அவள் விடமாட்டாள். "அல்லா காப்பாத்துவான்க்கா. ஆனா முழுங்கறது நீதான் முழுங்கணும்."

படுத்தால் தூக்கம் வராது. சாவு பயம் இல்லை. முதுகில் ஒரு சின்னக் கை தட்டுகிற மாதிரியே இருக்கும்.

சேகர் தினமும் வந்தான். முட்டை அவித்து ஓடு உரித்துக் கொண்டுவருவான். என் முகமூடிக் கயிறு அறுந்தால் முடிச்சுப் போட்டுத் தருவான். என் அழுக்குப் புடவையைத் தானே குழாயடியில் அலசினான். வார்டுப் பெண்கள் எல்லாம் பார்த்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாள் நானே கேட்டேன்.

"பாப்பா எப்பிடிடா இருக்குது?"

"பக்கத்து வீட்டுல வெச்சிருக்கேன்." முட்டையை எடுத்து என் கையில் வைத்தான். "ரெண்டு மூணு நாளா இருமுதும்மா. லேசா."

குழந்தைக்குச் சோதனை எடுக்க வேண்டும் என்று செல்வி முந்தின நாளே சேகரிடம் சொல்லியிருக்கிறாள். குழந்தைகளுக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். அதனால் ஆஸ்பத்திரியில் தங்க வைத்து, காலையில் வெறும் வயிற்றில், மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றிலிருந்து எடுப்பார்கள். அதற்குத் தாய் பக்கத்தில் இருக்க வேண்டும்.

"பவானிகிட்ட சொல்லிட்டியா?"

"எப்பிடிம்மா சொல்லுவேன்? உனக்கு ஒடம்பு சரியில்லன்னு மட்டுந்தான் சொல்லியிருக்கேன். பாப்பாவுக்குன்னு சொன்னா, எப்பிடின்னு கேப்பா. நான் இன்னான்னு சொல்றது?"

"நீ சொல்ல வேணாம்" என்றேன். "நான் சொல்றேன்."

ரத்தம் நின்றுவிட்டது. மாத்திரை ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து நாள் ஆகிவிட்டால் மற்றவர்களுக்கு ஒட்டுவது பெரும்பாலும் குறைந்துவிடும், முகமூடியோடு வெளியில் போகலாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று, வீட்டுக்குப் போகாமல் சேகரோடு நேராகப் பிரம்மதேசம் போனேன். மடியில் என் புது சீட்டு இருந்தது.

சம்பந்தியம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இன்னா சம்மந்தி, எம்பொண்ண அனுப்பிட்டு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? உள்ள வர்றீங்களா, இல்ல எங்க வீட்டுத் தட்டுலயும் பொட்டு வெக்கணுமா?"

அக்கம்பக்கத்தில் ரெண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். நான் உள்ளே போகவில்லை, வெளிக்காற்றிலேயே நின்றேன். பவானி வந்தாள். கழுத்துக் கட்டி வற்றியிருந்தது, ஆளும் வற்றியிருந்தாள். "அத்த, நீங்க எதுக்கு முகமூடி போட்டிருக்கீங்க?"

சீட்டை நீட்டினேன். "இது என்னோட ரிசல்ட்டு. எனக்கு நெஞ்சுல இருக்குது. சித்திரையிலயே இருந்திருக்குது. மொத டப்பாவுல எச்சி துப்பினேன். ரெண்டாவதுல உப்பப் போட்டேன். செல்வி வந்து வந்து கேட்டா, நான் குடுக்கல. உனக்கு வந்தது கம்பெனி பஸ்ஸுலருந்து இல்ல. என்கிட்டருந்து."

"அடிப்பாவி!" என்று சம்பந்தியம்மா ஆரம்பித்தாள். அவள் சொன்னதையெல்லாம் எழுதவில்லை. எல்லாம் எனக்குச் சேர வேண்டியவைதான். பவானி அதைக் காதில் வாங்கவில்லை. சீட்டைக் கடைசி வரி வரை படித்தாள். மடித்தாள்.

"பாப்பா யார்கிட்ட படுத்துச்சு?"

சேகர் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"என்கிட்ட."

"எத்தினி நாளு?"

"நீ இங்க வந்ததுலருந்து. செல்வி வந்து சொன்ன அன்னிக்கு வரைக்கும்."

பவானி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "எம்புள்ளைக்கு ஒட்டிடும்னு கன்னத்தக் கூட தொடாம பஸ்ஸு ஏறினேன் அத்த" என்றாள். அழவில்லை. எழுந்து உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் நான் கடைசி ஜன்னல் ஓரம். அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள். ஊர் வரும் வரை திரும்பவில்லை.

குழந்தைக்குக் குழாய் விட்ட காலையில் நான் வார்டுக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எனக்குத்தான் காலெடுத்து வைக்க முடியவில்லை. யாழினி அம்மா அம்மா என்று கத்தினாள். பிறகு குழாய் தொண்டையில் இறங்கியிருக்க வேண்டும், சத்தம் வேறு மாதிரி வந்தது. நான் கூச்சப்பட்டு ஒரு காறலை அடக்கினேன். அதற்குக் கூலி இது. காதைப் பொத்திக்கொள்ளக் கை வந்தது. பொத்தவில்லை.

மறுநாளும் அதே மாதிரி எடுத்தார்கள். முடிவு வருகிற வரை வீட்டில் அடுப்பு எரிந்ததே தவிர யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. கடைசியில் செல்விதான் ஓடி வந்து வாசலிலேயே சொன்னாள்: கிருமி இல்லை, எக்ஸ்ரேயும் சுத்தம், இருமல் வெறும் சளிதான். ஆனால் ஒரே படுக்கையில் படுத்த குழந்தை என்பதால், உள்ளே ஒளிந்திருந்தாலும் வளராமல் இருக்க ஆறு மாசம் தினம் ஒரு மாத்திரை. பவானி குழந்தையை இறுக்கிக்கொண்டு அப்போதுதான் அழுதாள். நான் ஆணியில் இருந்த லேமினேஷனைப் பிடுங்கப் போனேன். சேகர் எடுத்துக் கொடுத்தான். கத்திரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்கினேன். எச்சில் சீட்டு, நறுக்கவும் சுலபமாக இல்லை.

புது சீட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பழையதைக் காட்டின அதே இடத்தில் நின்று இதையும் காட்டினேன். வெற்றிலைச் சாறு என்று நான் சொன்னதைக் கேட்டவள் எழுந்து போனாள். இன்னொருத்தி, "உன் பேச்ச நம்பித்தானேக்கா நாங்களும் டப்பா குடுக்காம வந்தோம்" என்றாள். செல்வியைக் கூட்டிவந்து எல்லாருக்கும் படம் எடுக்க வைத்தேன். அவர்கள் காறித் துப்பும்போது நானும் கூடவே நின்றேன், யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்ள. ஒருத்திக்கு இருந்தது. அவளுக்கு இப்போது மாத்திரை நடக்கிறது. காலையில் அவள் வீட்டுக்குப் போய் அவள் விழுங்குகிற வரை நிற்கிறேன். கதவைத் திறக்கிறாள், பேசுவதில்லை.

வீட்டில் பொட்டு வைத்த தட்டை நான் எடுத்துக்கொண்டேன். தனியாக, வாசல் ஓரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருந்த பவானி ஒரு நாள் சோற்றுக் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"தட்டால ஒட்டாதுன்னு செல்வி சொன்னாங்க இல்ல? அன்னிக்கு எனக்குப் பொட்டு வெச்சீங்க, இன்னிக்கு உங்களுக்கு நீங்களே வெச்சிக்கறீங்க. ரெண்டும் ஒரே வீம்புதான் அத்த. உள்ள வந்து உக்காருங்க."

அது மன்னிப்பு இல்லை, எனக்குத் தெரியும். அவள் இன்னும் என்னிடம் தேவைக்குத்தான் பேசுகிறாள். உள்ளே போய் உட்கார்ந்தேன்.

பங்குனி பிறந்துவிட்டது. என் மாத்திரையில் கடைசி அட்டை ஓடுகிறது. யாழினிக்கும் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. காலையில் நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து விழுங்குகிறோம். போன வாரம் அவள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அடம் பிடித்தாள்.

"எனக்குத்தான் ஒண்ணுமே இல்லியே. நான் ஏம்மா சாப்புடணும்?"

பவானி அடுப்பைப் பார்த்தபடியே, "ஆயாவக் கேளு" என்றாள்.

யாழினி என்னைப் பார்த்தாள்.

"ஆயா இருமினேன் கண்ணு. அந்த இருமல் உன் நெஞ்சுல போய் உக்காந்துக்கக் கூடாதுன்னு."

"நீ வாயப் பொத்திக்கினு இருமலையா?"

"இல்ல கண்ணு. பொத்தல."

"டீச்சரு பொத்தணும்னு சொன்னாங்களே."

"எனக்கும் சொன்னாங்க. நான் கேக்கல."

யாழினி மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்து, வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கி அவள் அம்மாவிடம் காட்டினாள். என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப நீ காட்டு."

வாயைத் திறந்து காட்டினேன். அவள் கிட்டே வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே எட்டி, நன்றாகப் பார்த்தாள்.